டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு இறங்கியிருக்கிறது என்று பொருள்

"தைராய்டு அதிகமா இருக்காம்" என்று பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு தைராய்டு குறைவாகத்தான் இருக்கும். தாளில் டி.எஸ்.எச். என்பதற்கு எதிரே 14 என்றோ 38 என்றோ தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. குழப்பம் அங்கே தொடங்குகிறது. "அதிகம்" என்று நம்புகிறவர் அதைக் குறைக்க வீட்டில் அயோடின் உப்பை நிறுத்துகிறார். மாத்திரை போட்டு எண் இறங்கியதும் "குறைஞ்சிடுச்சு" என்று மாத்திரையையும் நிறுத்துகிறார். வேறோர் ஊரில் புது மருத்துவரிடம் "எனக்குத் தைராய்டு ஜாஸ்தி" என்று சொல்லி, நேர் எதிரான நோய்க்கான கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியில் சுரப்பதே இல்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏவல் அது. தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கிறது. அது சுரப்பது டி4, டி3 என்ற ஹார்மோன்களை. பெயரில் உள்ள எண், அவற்றில் இருக்கும் அயோடின் அணுக்களின் எண்ணிக்கை. அதிகம் சுரப்பது டி4தான். உடல் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்கிக்கொள்கிறது. செல்களுக்குள் வேலையை நடத்துவது அந்த டி3. ரத்தத்தில் டி4 குறைந்ததும் பிட்யூட்டரி கூடுதலாக டி.எஸ்.எச். அனுப்புகிறது. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராவிட்டால் குரல் உயருமே, அதுபோல.

இந்தக் குரல் நேர்விகிதத்தில் உயர்வதில்லை. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். கிட்டத்தட்ட 100 மடங்கு ஏறக்கூடும். சுரப்பி லேசாகத் தளரும்போதே முதலில் காட்டிக்கொடுப்பது டி.எஸ்.எச். என்பதற்கு இதுதான் காரணம். 60 உள்ளவருக்கு 20 உள்ளவரைவிட மூன்று மடங்கு நோய் என்று கணக்குப் போடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

சுரப்பி ஏன் தளர்கிறது

இந்தியாவின் எட்டு நகரங்களில் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வொன்றில், பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. பெண்களுக்கே அதிகம்.

அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் முதன்மைக் காரணம், உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே சுரப்பியைத் தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் நான்கு பெண்களின் கழுத்துக் கட்டிகளை ஆராய்ந்து இதை முதலில் விவரித்தார். அவர் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது. டி.பி.ஓ. என்ற தைராய்டு நொதிக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் அதிகமாக இருப்பது இதன் அடையாளம். இந்தப் பரிசோதனை வாழ்நாளில் ஒருமுறை போதும். அந்த எண் 300-லிருந்து 900 ஆனாலும் மாத்திரையின் அளவு மாறப்போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதற்குப் பணம் கட்டுவது வீண்செலவு.

கழுத்தில் அறுவை, கதிரியக்க அயோடின் சிகிச்சை, மனநலத்துக்குத் தரப்படும் லித்தியம், இதயத் துடிப்புக்குத் தரப்படும் அமியோடரோன் ஆகியவையும் காரணமாகலாம். பிரசவத்துக்குப் பிறகான ஓராண்டுக்குள் வரும் தைராய்டு அழற்சி பலருக்குத் தானாகச் சரியாகிவிடும். ஆகவே "வந்தால் வாழ்நாள் முழுக்க" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. ஹஷிமோட்டோவால் சுரப்பி சிதைந்தவருக்கும் அறுவையில் அகற்றப்பட்டவருக்கும் பொருந்தும்.

அயோடின் பற்றி ஒரு வார்த்தை. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைவிக்கும் தமிழ்நாட்டில்தான், 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பின்படி, போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதம் நாட்டிலேயே மிகக் குறைவு: சுமார் 62 சதவீதம். அயோடின் சேர்க்காத கல் உப்பு "இயற்கை" என்ற பெயரில் சமையலறைக்குத் திரும்பி வந்துகொண்டிருப்பது கவலைக்குரியது. கருவுறும் வயதுப் பெண்கள் உள்ள வீட்டில் இன்னும் கவலைக்குரியது. நுகர்வோர் கைக்கு வரும் உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அதே சமயம், ஹஷிமோட்டோவால் சுரப்பி சிதைந்தவருக்குக் கூடுதல் அயோடின் எந்த உதவியும் செய்யாது. கடற்பாசி மாத்திரைகளில் இருக்கும் அளவுகடந்த அயோடின் நிலைமையை மோசமாக்கவும் கூடும். சாதாரண அயோடின் உப்பு, சாதாரண அளவில். அவ்வளவே.

உடல் சொல்வதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதும்

இந்த நோய் மெதுவாக வருவதால் வந்தது தெரிவதில்லை. சோர்வை வேலைப்பளு என்றும், முடி உதிர்வதைத் தண்ணீர் சரியில்லை என்றும், மறதியை வயது என்றும் எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓடிவிடும். தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் வேறு விளக்கம் இருக்கலாம். சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் வலுக்கும்: மே மாதத்தில்கூட மின்விசிறியைக் குறைக்கச் சொல்லிப் போர்வை தேடுவது, மலச்சிக்கல், வறண்ட தோல், காலையில் உப்பிய முகம், கரகரத்த குரல், மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு, புருவத்தின் வெளி முனையில் முடி மெலிவது, கை மரத்துப்போவது, நாடித்துடிப்பு குறைவது.

வேறு கதவு வழியாக உள்ளே வருபவர்களும் உண்டு. புதிதாகக் கொழுப்பு ஏறியிருந்தால் அதற்கான மாத்திரையைத் தொடங்கும் முன் டி.எஸ்.எச். பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைவு கொழுப்பை ஏற்றும். அந்த நிலையில் கொழுப்பு மாத்திரை எடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடும். கருத்தரிக்கத் தாமதம், பாலூட்டாதவருக்குப் பால் கசிவு, காரணம் பிடிபடாத ரத்தசோகை, மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு ஆகிய எல்லாவற்றிலும் இந்த ஒரு ரத்தப் பரிசோதனைக்கு இடம் உண்டு.

முதலில் பொது மருத்துவரிடம் போனால் போதும். கேட்க வேண்டிய பரிசோதனை டி.எஸ்.எச்.; அது கூடியிருந்தால் கூடவே ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4. பல லேப்களில் "தைராய்டு ப்ரொஃபைல்" என்ற பெயரில் மொத்த டி3, மொத்த டி4 பார்க்கிறார்கள். மொத்த டி4 என்பது புரதத்தோடு ஒட்டியிருப்பதையும் சேர்த்த கணக்கு. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் அந்தப் புரதம் கூடுவதால் எண் தானாக ஏறிக் காட்டும். ஃப்ரீ டி4-ல் இந்தத் தொல்லை குறைவு. டி3 இந்த நோயில் கடைசிவரை சரியாகவே இருக்கக்கூடும் என்பதால் அதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ ஒரு பக்கம் பெருத்திருந்தாலோ ஸ்கேன் தேவை. எல்லோருக்கும் தேவையில்லை.

நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் நேராகப் போக வேண்டியவர்கள்: கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோய் உள்ளவர்கள், பிட்யூட்டரியில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவர்கள், சரியாக மாத்திரை எடுத்தும் எண் நிலைக்கு வராதவர்கள்.

எல்லைக்கோட்டில் நிற்கும் எண்

பெரும்பாலான லேப்களில் டி.எஸ்.எச்.சின் இயல்பு அளவு 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை. 5.8 என்று வந்தால்? ஃப்ரீ டி4 சரியாக இருக்கும்போது இது நோயின் முன்நிலை. ஒரே ஒரு தாளை வைத்து ஆயுள் முழுவதற்குமான மாத்திரையைத் தொடங்கக்கூடாது. டி.எஸ்.எச். ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும்: இரவிலும் விடியற்காலையிலும் அதிகம், பிற்பகலில் குறைவு. கடும் காய்ச்சலிலிருந்து தேறும்போது தற்காலிகமாக ஏறும். இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே காலை நேரத்தில் மறுபடி பார்த்தால் கணிசமானவர்களுக்கு எண் தானாக இறங்கியிருக்கும்.

10-ஐத் தாண்டினால் மருத்துவர்கள் பொதுவாகச் சிகிச்சையின் பக்கம் சாய்கிறார்கள். 4.5-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பவர்களில் கருத்தரிக்க முயல்பவர், கழுத்து வீங்கியவர், எதிர்ப்பொருள் உள்ளவர் ஆகியோருக்குத் தனியாக முடிவெடுக்க வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு லேசான ஏற்றம் வயதின் இயல்பே. இவர்களிடம் மாத்திரை கொடுத்தும் கொடுக்காமலும் நடத்திய பெரிய ஐரோப்பிய ஆய்வு 2017-ல் வெளியானது; சோர்வோ மற்ற அறிகுறிகளோ மாத்திரையால் குறையவில்லை. 78 வயதுப் பாட்டிக்கு 6.2 என்று வந்ததற்காக மாத்திரை தொடங்கி, பிறகு படபடப்புக்கு இன்னொரு மாத்திரை தொடங்குவதைவிட, காத்திருந்து பார்ப்பதே நல்ல மருத்துவம்.

மாத்திரைக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள வழி

1891-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், ஆட்டுத் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகச் செலுத்தினார். நடமாட்டமே தளர்ந்திருந்த அந்தப் பெண் அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நாம் எடுக்கும் லீவோதைராக்ஸின், சுரப்பி சுரக்கும் டி4-இன் அதே வேதிப்பொருளை ஆலையில் செய்தது. தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. உடலுக்குப் புதிதான எதையும் இது புகுத்துவதில்லை, இல்லாததை நிரப்புகிறது. "தைராய்டு மாத்திரை பழகிடும், கிட்னியைக் கெடுக்கும்" என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை.

சுரப்பி முற்றிலும் செயலிழந்த பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிட்டத்தட்ட 100. சுரப்பியில் கொஞ்சம் உயிர் இருந்தால் 25 அல்லது 50 போதும். முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-ல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். திடீரென்று முழு அளவு கொடுத்தால் இதயம் தடுமாறும். பேச்சில் எல்லோரும் "50 எம்.ஜி. மாத்திரை" என்கிறார்கள். அது மைக்ரோகிராம், மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 0.1 மில்லிகிராம் என்று அச்சிட்ட மாத்திரை 100 மைக்ரோகிராமுக்குச் சமம். மருந்துக் கடையில் வாங்கும்போது லேபிளில் உள்ள எண்ணையும் அலகையும் சேர்த்தே படியுங்கள்.

நாங்கள் அழுத்திச் சொல்ல வருவது இதைத்தான்: எண் இறங்காதபோது அளவைக் கூட்டுவதற்கு முன் காலை முதல் ஒரு மணி நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். விழுங்கிய மாத்திரையில் 60 முதல் 80 சதவீதம்தான், அதுவும் வெறும் வயிற்றில், சிறுகுடல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. வயிற்றில் வேறு எதாவது இருந்தால் அதிலும் குறையும்.

ஒரு தமிழ் வீட்டின் காலையைப் பாருங்கள். ஐந்தரை மணிக்குப் பால் காய்கிறது, டிகாக்‌ஷன் இறங்குகிறது. மாத்திரைப் புட்டி அடுப்பு மேடையின் மேலே, ஏலக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில். மாத்திரையை வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீர். அடுத்த ஐந்தாவது நிமிடம் காபி. "தவறாமல் போடுறேன் டாக்டர், ஒருநாள்கூட விட்டதில்லை" என்று அவர் சொல்வது முழு உண்மை. ஆனால் காபியும் அதிலுள்ள பாலும் மாத்திரையின் ஒரு பகுதியைக் குடலிலேயே தடுத்துவிடுகின்றன. மூன்று மாதம் கழித்து டி.எஸ்.எச். 11. அளவு 50-லிருந்து 75 ஆகிறது, பிறகு 100. தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போய், அங்கே காபி எட்டு மணிக்குத்தான் என்றானதும் அதே 100 உடலில் முழுதாகச் சேர்ந்து, நெஞ்சு படபடக்கிறது.

ஆகவே எழுந்ததும் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு மாத்திரை; பிறகு 30 முதல் 60 நிமிடம் எதுவும் வேண்டாம். காபி குடிப்பவர்கள் 60 நிமிடத்தையே கணக்காக வையுங்கள். தேன் கலந்த எலுமிச்சை நீர், ஊறவைத்த வெந்தயம், அருகம்புல் சாறு, ராகிக் கஞ்சி எல்லாமே அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான். காலைக் காபியை எந்தக் காரணம் கொண்டும் தள்ளிப்போட முடியாதவருக்கு மாற்று வழி உண்டு: இரவு உணவு முடிந்து குறைந்தது 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுக்கலாம். ரமலான் நோன்பு காலத்திலும் இது உதவும். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்க வேண்டும்.

மற்ற மாத்திரைகள்தான் அடுத்த தடை. இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றுப் புண்ணுக்கான ஜெல் மருந்து, சுக்ரால்ஃபேட், இவையெல்லாம் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். 4 மணி நேர இடைவெளி வேண்டும். பெரும்பாலானவர்கள் மாத்திரைகளையெல்லாம் ஒரே கையில் கொட்டி ஒரே மிடறில் விழுங்குகிறார்கள். உதிரப்போக்கால் ரத்தசோகை வந்த பெண்ணுக்கு இரும்பு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் ஒன்றாகப் போனால் இரண்டு நோயும் குணமாகாமல் ஒன்றையொன்று வளர்க்கும். நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் பேன்டோபிரசோல், ஒமெப்ரசோல் எடுப்பவர்களுக்கு அமிலம் குறைவதால் மாத்திரை கரைவது குறையும். அவர்களுக்கு இடைவெளி உதவாது. அளவையே மாற்ற வேண்டிவரலாம்.

மாத்திரைக்கு வெப்பம், வெளிச்சம், ஈரம் மூன்றும் ஆகாது. அடுப்பு மேடை, குளியலறை, ஜன்னல் ஓரம் கூடாது. பிரிட்ஜும் தேவையில்லை, வெளியே எடுக்கும்போதெல்லாம் ஈரம் படியும். படுக்கையறை அலமாரியில், வாங்கிய புட்டியிலேயே, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை எறியாமல் இருக்கட்டும். கம்பெனி மாறினால் அளவு அதேயென்றாலும் உடலில் சேர்வது சற்று மாறலாம். மலிவு விலைக் கடைக்கு மாறுவதில் தவறில்லை. மாறினால் 6 வாரம் கழித்து ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம். டி4 உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அன்றைக்கே நினைவு வந்தால், வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். மெதுவாகக் கழிவதாலேயே, அளவை மாற்றிய பத்தாம் நாள் பரிசோதனை செய்வது வீண். புதிய அளவுக்கு டி.எஸ்.எச். நிலைகொள்ள 6 முதல் 8 வாரம் தேவை. நிலைக்கு வந்தபின் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை போதும். சில பேர் சோதனைக்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் ஒழுங்காக எடுப்பார்கள். அப்போது ஃப்ரீ டி4 சரியாகவும் டி.எஸ்.எச். உயர்ந்தும் வரும், அனுபவமுள்ள மருத்துவர் அந்த முரணிலேயே விஷயத்தைப் புரிந்துகொள்வார்.

ரத்தம் கொடுக்கும் காலை

மாத்திரை எடுத்த சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 சற்று ஏறி நிற்கும். எனவே சோதனை நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை எடுங்கள். அன்றைய மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

பலருக்கும் தெரியாத கண்ணி ஒன்று உண்டு: பயோட்டின் என்ற பி வைட்டமின். முடி உதிர்வதற்காக வாங்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் இருக்கும். பல லேப் கருவிகள் ஹார்மோனை அளக்கப் பயோட்டின் ஒட்டும் முறையைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் கூடுதல் பயோட்டின் மிதந்தால் அளவு குழம்பி, டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். தாளைப் பார்த்தால் மாத்திரை அதிகமாகிவிட்டது போலத் தெரியும், அளவு குறைக்கப்படும், முடி இன்னும் உதிரும், பயோட்டின் இன்னும் கூடும். சோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்துங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கர்ப்பம், பிரசவம், பச்சிளம் குழந்தை

முதல் மூன்று மாதங்களில் கருவுக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. மூளை உருவாகும் அந்தக் காலத்தில் தாயின் டி4-ஐத்தான் நம்பியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் கருத்தரிப்பதற்கு முன்பே டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானதும் தேவை 20 முதல் 30 சதவீதம் கூடும். வாரத்துக்கு 7 மாத்திரை எடுத்தவர் 9 எடுப்பது என்ற எளிய கணக்கை மருத்துவர்கள் தருவார்கள். இதைக் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி வைத்திருந்தால், ஸ்கேனுக்காகக் காத்திருந்து ஆறு வாரத்தை இழக்க நேராது. "கர்ப்பத்தில் மாத்திரையே கூடாது" என்று மாமியாரோ அக்கம்பக்கமோ சொல்லி நிறுத்துவது நடக்கிறது. நிறுத்தவே கூடாத மாத்திரை இது.

கர்ப்பத்தின் முதல் பாதியில் 4 வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 30-வது வாரத்தையொட்டி ஒருமுறையும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு நேரம் மோதும். இப்படி அமைத்துக்கொள்ளலாம்: காலை 5.30-க்கு தைராக்ஸின், 6.30-க்கு மேல் காபி, டிபன். 11 மணிக்கு இரும்பு. மதிய உணவோடும் இரவு உணவோடும் கால்சியம். இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுப்பதால் அவற்றுக்கிடையே 2 மணி நேரம். குழந்தை பிறந்ததும் பழைய அளவுக்குத் திரும்பி 6 வாரத்தில் சோதிக்க வேண்டும். பாலூட்டுவதற்குத் தடை இல்லை.

குழந்தைக்கும் பிறவியிலேயே தைராய்டு இல்லாமல் போகலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பல மைய ஆய்வு, ஏறக்குறைய 1,100 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருப்பதாகக் கண்டது. பிறந்தவுடன் குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். தாயின் ஹார்மோன் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நீடிக்கும் மஞ்சள்காமாலை, மந்தமாகப் பால் குடிப்பது, மலச்சிக்கல், பெரிய நாக்கு, தொப்புள் பிதுங்கல் எல்லாம் தெரியவரும்போது மூளைக்கான நேரம் கடந்திருக்கும். குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்து, முதல் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட்டால் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே படிக்கும், ஓடும். மருத்துவமனையை விட்டு வீட்டுக்குக் கிளம்பும் முன் "குழந்தைக்குத் தைராய்டு சோதனை செய்தீர்களா?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை. மாத்திரையைப் பொடித்துச் சில மில்லி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து கரண்டியில் புகட்ட வேண்டும். முழுப் புட்டிப் பாலில் கலந்தால், மீதி வைக்கும் பாலோடு மருந்தும் மீந்துவிடும்.

டி.எஸ்.எச். ஏமாற்றும் இடம்

பிரசவத்தில் பெருமளவு ரத்தம் போனவர்களில் சிலருக்குப் பிட்யூட்டரி சுரப்பியே பட்டுப்போய்விடும். பால் சுரக்காது, மாதவிடாய் திரும்பாது, ஆண்டுக்கணக்கில் அசதி. ஏவல் அனுப்ப வேண்டிய இடமே அழிந்ததால் டி.எஸ்.எச். இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும். "தைராய்டு நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஃப்ரீ டி4 பார்த்தால் தரைமட்டத்தில் இருக்கும். இவர்களுக்கு அட்ரினல் சுரப்பிக்கான ஏவலும் நின்றிருக்கலாம். அட்ரினல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் குறைவைக் கண்டறிந்து ஸ்டீராய்டு தொடங்கிய பிறகே தைராக்ஸின் தர வேண்டும். வரிசை மாறினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பிரசவத்தில் ரத்தம் ஏற்றிய கதை பத்து வருடம் பழையதானாலும் மருத்துவரிடம் சொல்லத் தகுந்தது.

எடை, முட்டைக்கோஸ், மற்றவை

தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பாதிக்கு மேல் உடலில் தேங்கும் உப்பும் நீரும். மாத்திரை அந்தச் சில கிலோவை எடுத்துவிடும். மிச்சமிருக்கும் 15 கிலோவுக்கு மாத்திரையைக் குற்றம் சொல்வதோ, மெலிவதற்காக அளவைக் கூட்டிக்கொள்வதோ தவறு. அளவு மிஞ்சி டி.எஸ்.எச். 0.1-க்குக் கீழே நீண்ட காலம் கிடந்தால், 60 வயதைக் கடந்தவர்களுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். புற்றுநோய்க்காகச் சுரப்பியை அகற்றியவர்களில் சிலருக்கு மட்டும் மருத்துவர்கள் வேண்டுமென்றே அதைக் குறைவாக வைத்திருப்பார்கள்.

வேகவைத்த முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி ஆகியவற்றைச் சாதாரண அளவில் சாப்பிடத் தடை இல்லை. மரவள்ளிக்கிழங்கும் கம்பும் சுரப்பியைத் தடுப்பது, அவையே தினசரி முழு உணவாகி அயோடினும் குறையும்போதுதான். மாத்திரையால் ஹார்மோனை நிரப்பிக்கொள்பவருக்கு அந்தக் கவலை இன்னும் குறைவு. சோயா உணவு மட்டும் மாத்திரை நேரத்திலிருந்து தள்ளியிருக்கட்டும்.

எண் சரியாகியும் அசதி தீரவில்லை என்றால் அதை நம்ப வேண்டும், ஆனால் தைராய்டின் தலையில் கட்டிவிட வேண்டாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு பி12 குறைபாடும் கூடவே வருவது அபூர்வம் அல்ல.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

தனியாக இருக்கும் முதியவர் மாதக்கணக்கில் மாத்திரையை விட்டிருப்பார். ஒரு நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ, தூக்க மாத்திரையோ சேர்ந்துகொள்ளும். எழுப்பினால் முனகுவார், பேச்சு குழறும், தொட்டால் உடல் சில்லென்று இருக்கும், நாடி மெல்ல அடிக்கும், மூச்சு நீண்டு வரும். காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் கொள்ளக்கூடாது. இந்த நிலையில் தொற்று இருந்தும் காய்ச்சல் வராது. வாயில் மாத்திரையைத் திணிக்க வேண்டாம், புரையேறும். சுடுநீர்ப் பை, ஹீட்டர் வைத்துச் சூடேற்றவும் வேண்டாம். தோலின் ரத்தக் குழாய்கள் திடீரென விரிந்து ரத்த அழுத்தம் சரியும். ஒரு போர்வை போர்த்தி, 108-ஐ அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கிளம்பும்போது அலமாரியில் இருக்கும் தைராய்டு மாத்திரைப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு, கடைசியாக எப்போது போட்டார் என்பதை அங்கே முதலில் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.